கையெழுத்து கெட்டுப்போன பையன்

பதிவு கொஞ்சம் நீளம். கைவேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பவர்களும், என்னிடம் படித்துவிட்டு இன்று டீச்சர் வேலைக்குப் போயிருப்பவர்களும் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதம். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அங்கே மூளையில் கட்டி வந்த பிள்ளைகளில், வெள்ளைக்காரப் பிள்ளைகள் பிழைக்கிற அளவுக்குக் கறுப்பினப் பிள்ளைகளும் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளும் பிழைப்பதில்லை. கட்டி வந்த வயதைப் பொறுத்தும் வித்தியாசம் இருக்கிறது. இதுதான் செய்தி.

உடனே உறவுக்காரர் ஒருவர், "அது அவங்கவங்க உடம்புவாகு. ரத்தத்துலயே இருக்கு" என்று எழுதினார். இன்னொருவர் கைகூப்பிய படம் போட்டு "எல்லாம் செங்கழுநீரம்மன் செயல்" என்றார். பாரீசில் இருக்கும் என் தம்பி மகன், "அத்தை, எங்க நாட்டுல இனம் பார்த்துக் கணக்கெடுக்கவே விடமாட்டாங்க" என்று ஆரம்பித்தான். அப்புறம் யாரோ கல்யாணப் பத்திரிகை போட்டார்கள், பேச்சு அதோடு நின்றுவிட்டது.

எனக்கு நிற்கவில்லை. அந்த "ரத்தத்துலயே இருக்கு" என்ற வார்த்தை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. ஏனென்றால் இந்த நோயை நான் என் வகுப்பில் பார்த்திருக்கிறேன். பார்த்தும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

1993-ம் வருஷம். நான்காம் வகுப்பு. ஜூன் மாதம் சேர்ந்தபோது முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்த பையன், அக்டோபர் மாதம் கோட்டை விட்டு மேலே ஒரு எழுத்து, கீழே ஒரு எழுத்து என்று எழுத ஆரம்பித்தான். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். ஸ்கேலால் விரல் முட்டியில் அடித்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. காலையில் முதல் பீரியடில் தலையை டெஸ்க்கில் வைத்துப் படுத்துக்கொள்வான். பதினோரு மணிக்குத் தெளிந்துவிடுவான். அதனால் நடிக்கிறான் என்று முடிவு கட்டினேன். நடக்கும்போது காலை அகட்டி வைத்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பான். மற்ற பிள்ளைகள், "டேய், கட்டுமரத்துலேர்ந்து இப்பதான் இறங்குனியா" என்று கேலி செய்தார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

வீட்டில் காலையில் எழுந்ததும் வாந்தி. வாந்தி எடுத்ததும் நன்றாகிவிடுவான். பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். திருஷ்டி சுற்றிப் போட்டு மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கண் மாறிப் பார்க்க ஆரம்பித்தபோது கண்ணாடி போட்டார்கள். ஐந்தாவது மாதம்தான் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். பின்மண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. ஆபரேஷன் நடந்தது. அடுத்த ஜூன் மாதம் அவன் ஐந்தாம் வகுப்புக்கு வரவில்லை.

உங்களில் சிலருக்கு அவன் யார் என்று தெரியும். கமெண்டில் பெயர் போடாதீர்கள். அவன் அம்மா இருக்கிறாள். நான் அடித்த விஷயத்தை அவளிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவள் என்ன சொன்னாள் என்பது எங்கள் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

இப்போது கொஞ்சம் பாடம் எடுக்கிறேன். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்மண்டையில் இருப்பது சிறுமூளை. நேராக நடப்பது, பென்சிலைப் பிடித்துக் கோட்டின் மேல் எழுதுவது, எல்லாம் அது சரியாக இருந்தால்தான் நடக்கும். அதற்கு முன்னால் மூளைநீர் ஓடும் வழி ஒன்று இருக்கிறது. அங்கே கட்டி வந்தால் நீர் அடைபட்டுத் தலைக்குள் அழுத்தம் ஏறும். ராத்திரி முழுக்கப் படுத்திருப்பதால் விடியற்காலையில் அழுத்தம் இன்னும் கூடும். அதனால்தான் காலையில் தலைவலியும் வாந்தியும். எழுந்து நடமாடினால் கொஞ்சம் குறையும். என் பையன் பதினோரு மணிக்குத் தெளிந்த ரகசியம் இதுதான். பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் வரும் கட்டிகளில் முக்கியமானது மெடுல்லோபிளாஸ்டோமா. 1925-ல் பெய்லி, குஷிங் என்ற இரண்டு டாக்டர்கள் வைத்த பெயர். அந்தக் காலத்தில் அது வந்தால் சாவுதான். இன்று நல்ல வசதியுள்ள இடத்தில், ஆபரேஷன், கதிர்வீச்சு, மருந்து மூன்றையும் முழுக்க முடித்தால், பரவாத கட்டி உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள்.

இனி "ரத்தம்" பேச்சுக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1973-லிருந்து புற்றுநோய்க் கணக்கு எடுக்கிறார்கள். இன வித்தியாசம் அந்தக் கணக்கில் இருப்பது உண்மைதான். ஆனால் அது எங்கிருந்து வருகிறது? மெம்ஃபிஸ் நகரத்தில் செயின்ட் ஜூட் என்று ஒரு பிள்ளைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1962-ல் தொடங்கியது. குடும்பத்திடம் பணம் வாங்காது. அங்கே ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு 2003-ல் ஜமா என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒரே தரமான சிகிச்சை கிடைத்தபோது இரண்டு பேரும் ஒரே அளவுக்குப் பிழைத்தார்கள். அது மூளைக்கட்டி இல்லை, வேறு நோய், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் "ரத்தத்துலயே இருக்கு" என்பதற்கு ரத்த நோயிலேயே பதில் கிடைத்திருக்கிறது பாருங்கள். சின்ன வயதில் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்க்கும் பெரிய ஆய்வு ஒன்றும் அங்கே நடக்கிறது. அதிலும் வருமானம், படிப்பு போன்றவற்றைக் கணக்கில் சேர்த்தால், பிற்காலச் சாவில் இருக்கும் இன வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோகிறது.

உடம்புவாகில் ஒன்றுமே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. ஒரே பெயருள்ள கட்டியிலேயே நான்கு பெரிய வகைகள் உண்டு. ஒன்று லேசாக விட்டுப்போகும், ஒன்று எமன். பரம்பரையாக வருவதையும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நான் சொல்வது, காரணம் கேட்டால் முதலில் ரத்தத்தைக் காட்டாதீர்கள் என்றுதான். ரத்தத்தைக் காட்டிவிட்டால் அப்புறம் யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை.

தம்பி மகன் சொன்னதும் சரி. பிரான்சில் 1978-ம் வருஷத்துச் சட்டம் இனம் சார்ந்த விவரம் சேகரிப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான். ஆனால் கண்ணா, எண்ணாவிட்டால் வித்தியாசம் இல்லை என்று ஆகிவிடுமா? நம் பக்கத்தில் எண்ணாமல் விட்டதால் எத்தனையோ விஷயம் தெரியாமலே போயிருக்கிறது. மேல்நாடுகளில் பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோயில் மூளைக்கட்டிதான் இரண்டாவது இடம். நம் நாட்டுப் பதிவேடுகளில் அதன் பங்கு குறைவாகத் தெரிகிறது. நமக்கு வருவதில்லை என்று சந்தோஷப்பட முடியவில்லை. ஸ்கேன் வரை வராமலே போய்விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றுதான் டாக்டர்கள் சந்தேகிக்கிறார்கள். பித்தம் என்றும் காத்துக்கருப்பு என்றும் பெயர் எழுதப்பட்ட பிள்ளைகள்.

சரி, நமக்குத் தோல் நிறக் கணக்கு வேண்டாம். நம் வித்தியாசம் எங்கே இருக்கிறது? உலக சுகாதார நிறுவனம் சொல்வது இது: பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 100-க்கு 80-க்கு மேல் பிழைக்கிறார்கள்; பல ஏழை, நடுத்தர நாடுகளில் 30 பேர்கூட இல்லை. 2030-க்குள் உலகம் முழுக்க 60 ஆக்க வேண்டும் என்று 2018-ல் ஒரு திட்டம் ஆரம்பித்திருக்கிறார்கள். அதில் முதலில் கவனிக்க வேண்டிய ஆறு வகை நோய்களில் ஒரு மூளைக்கட்டியும் இருக்கிறது, மெதுவாக வளரும் க்ளையோமா.

நம் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் கொடுத்து வைத்தவர்கள். பிரெஞ்சுக்காரன் 1823-லேயே மருத்துவப் பள்ளி ஆரம்பித்த ஊர். அதன் வழியில் வந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. வீராம்பட்டினத்திலிருந்து அரியாங்குப்பம் போய் பஸ் பிடித்து, பஸ் ஸ்டாண்டில் மாறினால் போய்விடலாம். ஆனால் பஸ் தூரம் மட்டும் தூரம் இல்லை. இந்த நோய்க்குக் கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மருந்து. காப்பீட்டுத் திட்டம் வந்துவிட்டது, வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை, நல்ல விஷயம். ஆனால் நம் கரையில் அப்பா கடலுக்குப் போகிறார், அம்மா கூடையில் மீன் விற்கிறாள். பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் உட்காருவது அம்மா. அன்றைக்கே பாதி வருமானம் போய்விட்டது. தடைக்காலம் 61 நாள் அப்பா கூட வருவார். கடல் திறந்ததும் போயாக வேண்டும், வாங்கிய கடன் நிற்கிறது. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள். மூன்றாவது மாதம், "இப்ப நல்லாத்தானே இருக்கான்" என்று யாராவது பெரியவர் சொல்வார். அதோடு நின்றுவிடும். இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் "சிகிச்சையைக் கைவிடுதல்". கைவிட்டவர்கள் யார் என்று அந்தப் பெயரில் தெரியாது. பெற்றோர்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பக்கத்து வீட்டில் இருந்த நாம் அந்த மூன்று மாதத்தில் எத்தனை வேளை சோறு கொடுத்தோம் என்று யாரும் எண்ணுவதில்லை.

இன்னொன்று, பெண்பிள்ளை. டெல்லி எய்ம்ஸ், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களின் பதிவுகளை வைத்துச் சில வருஷத்துக்கு முன் ஓர் ஆய்வு வந்தது. சிகிச்சைக்குக் கொண்டுவரப்படும் பிள்ளைகளில் பையன்கள் அதிகம், பெண்கள் குறைவு. வடக்கே இது மோசம், தெற்கே பரவாயில்லை. பரவாயில்லை என்பதைப் படித்து நிம்மதியாகாதீர்கள். அடையாறில் 1954-ல் 12 படுக்கையோடு அந்த ஆஸ்பத்திரியைக் கொண்டுவந்தவர் ஒரு பெண், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அதைக் கடைசி மூச்சு வரை நடத்தியவர் ஒரு பெண், டாக்டர் சாந்தா. அவர்கள் கட்டிய இடத்துக்குப் பெண்பிள்ளையைக் கொண்டுபோக யோசிக்கிறோம் என்றால் என்ன சொல்ல?

வயது விஷயம் வேறு மாதிரி. மூன்று வயதுக்குக் கீழே மூளை வளர்ந்துகொண்டிருப்பதால், தலை முழுக்கக் கதிர்வீச்சு கொடுக்க டாக்டர்கள் பயப்படுவார்கள். முடிந்தவரை மருந்து கொடுத்துத் தள்ளிப்போடுவார்கள். அதனால் பல வகைக் கட்டிகளில் கைக்குழந்தைகள் பிழைப்பது கஷ்டம். பிழைத்தாலும், எவ்வளவு சின்ன வயதில் கதிர் பட்டதோ அவ்வளவுக்குப் படிப்பில் அடி. பணமும் இனமும் ஒன்றும் செய்ய முடியாத கட்டியும் உண்டு. நிலாவில் முதலில் கால் வைத்த ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அவருடைய மகள் கேரன் 1962-ல் மூளைத்தண்டுக் கட்டியில் இறந்தாள். இரண்டு வயது. அது உங்களுக்குச் சொன்னதில்லை, அப்போது எனக்கே தெரியாது. அந்தக் கட்டிக்கு இன்றைக்கும் பெரிதாக வழி பிறக்கவில்லை. அந்த மாதிரிப் பிள்ளையைப் பெற்றவர்களிடம் போய், "முன்னாடியே பார்த்திருக்கலாமே" என்று சொல்லிவிடாதீர்கள்.

இன்னொரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண். ஆறு வயதில் இதே பின்மண்டைக் கட்டி. 2001-ல் சிகிச்சை, முழுசாக முடித்தார்கள். அவள் அப்பா போட்டை விற்றார். 2003-ல் என் வகுப்பில் மூன்றாம் வகுப்பு. டாக்டர்கள் கணக்கில் ஐந்து வருஷம் தாண்டினால் "பிழைத்தவர்". அந்தக் கணக்கு அங்கே முடியும். எங்கள் கணக்கு அங்கேதான் ஆரம்பம். அவளுக்கு ஒரு கேள்வி கேட்டால் பதில் வர நேரம் ஆகும். பதில் தெரியும், மெதுவாக வரும். சிகிச்சை மருந்தால் காது கொஞ்சம் போயிருந்தது. "ச" சத்தம் சரியாக விழாது. "பசு" என்றால் "பது" என்று எழுதுவாள். வகுப்பிலேயே குட்டை. சக ஆசிரியை ஒருவர் அவள் காதுபடவே "மக்கு" என்றார். கேட்காது என்று நினைத்திருப்பார். கேட்டது.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பையனிடம் செய்ததை இவளிடம் செய்யக்கூடாது என்று நான் செய்தது ரொம்பச் சின்ன விஷயங்கள். முன் பெஞ்சில் உட்கார வைத்தேன். பேசும்போது அவள் முகத்தைப் பார்த்துப் பேசினேன். பரீட்சையில் அரை மணி நேரம் கூடக் கொடுத்தேன். "எல்லாருக்கும் ஒரே நேரம்தானே டீச்சர் நியாயம்" என்று சண்டைக்கு வந்தார்கள். நொண்டிக்கும் ஓடுகிறவனுக்கும் ஒரே விசில் ஊதுவது என்ன நியாயமோ. இன்று 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது; சான்றிதழ் வாங்கினால் கூடுதல் நேரம் உரிமை. அன்று சண்டைதான் போட வேண்டியிருந்தது.

அவளுக்கு இப்போது முப்பது வயது. கணக்கு எழுதும் வேலை பார்க்கிறாள். சமீபத்தில் உடம்பு ஊதி, சோர்வாகவே இருந்தாள். தைராய்டு. "சின்ன வயசுல எவ்வளவு கதிர்வீச்சு கொடுத்தாங்க" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். ஃபைல் இல்லை. சுனாமித் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததில் போய்விட்டது. தலையில் கதிர் பட்டவர்களுக்கு இருபது முப்பது வருஷம் கழித்தும் சுரப்பிக் கோளாறு, வாதம், வேறு கட்டி எல்லாம் வர வாய்ப்பு உண்டு. அந்த ஒரு ஃபைல்தான் வழிகாட்டி. அவள் அம்மா இன்னொரு காரணத்துக்காகவும் அதைத் தேடவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று. சொந்தக்காரர்களே, இது உங்களுக்குத்தான். அந்தப் பயம் நீங்கள் கொடுத்தது.

இங்கிலாந்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2011-ல் ஹெட்ஸ்மார்ட் என்று ஒரு இயக்கம் ஆரம்பித்தார்கள். பெரிய மெஷின் ஒன்றும் இல்லை. வயதுவாரியாக அறிகுறி எழுதிய சின்ன அட்டை. டாக்டர்களுக்கும் கொடுத்தார்கள், பெற்றோருக்கும் கொடுத்தார்கள். முன்பு முதல் அறிகுறியிலிருந்து நோய் கண்டுபிடிக்க 14 வாரம் ஆனது, சில வருஷத்தில் 7 வாரத்துக்கும் கீழே வந்தது. சீக்கிரம் கண்டுபிடித்தால் எல்லாரும் பிழைத்துவிடுவார்கள் என்று அவர்களும் சொல்லவில்லை. வேகமாக வளரும் கட்டி வேகமாகவே தெரிந்துவிடும், அதில் நாள் கணக்கு பெரிதாக மாற்றாது. ஆனால் கண் பார்வை மிஞ்சுமா, நடை மிஞ்சுமா என்பதை அந்த வாரங்கள் மாற்றும். நன்றாக நினைவு இருக்கும் நிலையில் ஆபரேஷனுக்குப் போவதும், நினைவு தப்பிப் போவதும் ஒன்றா?

ஆகவே டீச்சர் வேலையில் இருக்கும் என் பிள்ளைகளே, நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் கையெழுத்து திடீரென்று கெட்டால் அடிக்காதீர்கள். ஜூன் மாத நோட்டையும் இப்போதைய நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடை தள்ளாடுகிறதா, தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருக்கிறதா, கண் மாறுகிறதா, விளையாட்டில் புதிதாகத் தடுக்கி விழுகிறதா? காலையில் வாந்தி இரண்டு வாரத்துக்கு மேல் நின்றபாடில்லையா? இதில் இரண்டு சேர்ந்து இருந்தால் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கைக்குழந்தை என்றால் தலை வேகமாகப் பெரிதாவது ஒரு அடையாளம். டாக்டரிடம், "தலையை ஸ்கேன் பார்க்க வேண்டியிருக்குமா" என்று ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். தலைவலி வந்த எல்லாப் பிள்ளைக்கும் கட்டி இல்லை, பயமுறுத்தாதீர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிள்ளைக்கு வேறு ஏதாவதுதான் இருக்கும். கேட்பதில் ஒன்றும் நஷ்டம் இல்லை.

சிகிச்சை முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், டிஸ்சார்ஜ் காகிதங்களை இன்றைக்கே போனில் படம் எடுத்து இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி வையுங்கள்.

நம் பக்கத்துப் பள்ளிகளில் ஆசிரியர் அறையில் ஒட்டுவதற்கு அந்த மாதிரி அட்டை ஒன்று நாமே தமிழில் செய்யலாம் என்று நினைக்கிறேன். மருத்துவம் படித்த பிள்ளைகள் யாராவது விஷயத்தைச் சரிபார்த்துக் கொடுங்கள். எத்தனை பள்ளிக்கு வேண்டும் என்று மட்டும் கமெண்டில் சொல்லுங்கள், பிரிண்ட் வேண்டாம், நானே கையால் எழுதித் தருகிறேன். என் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.